மாவியின் ‘ஏழு புனிதக் குளங்கள்’: இறங்கலாமா, எப்படிப் பார்ப்பது?

கேட்டது இதுதான்: குடும்பமாக ஐந்து நாள் ஹவாயின் மாவி தீவுக்குப் போகிறோம். எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட 66 வயது அம்மா. படிப்படியாக அருவி இறங்கி, குளம் குளமாகக் கடலைத் தொடும் அந்த ‘ஏழு புனிதக் குளங்கள்’ படத்தைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்கு அதில் நீந்த வேண்டுமாம். நீந்தலாமா? ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா? அம்மாவால் நடக்க முடியுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீந்த முடியாது, குளங்களில் இறங்குவதைப் பூங்கா நிர்வாகம் மூடி வைத்திருக்கிறது. ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் பிள்ளைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள். அம்மா குளங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். மேலே பெரிய அருவி வரை போவதுதான் அவருக்குக் கஷ்டம்.

நீந்த முடியாது என்றதும் ‘அப்புறம் எதற்குப் போவது’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். ‘ஏழு புனிதக் குளங்கள்’ என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இல்லை. 1940களில் அருகிலுள்ள ஹானா என்ற சின்ன ஊரில் இருந்த விடுதியின் விளம்பரத்துக்காகச் சூட்டப்பட்டது. குளங்கள் ஏழும் இல்லை, அதைவிட அதிகம். மழைக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ப எண்ணிக்கை கூடும், குறையும். இடத்தின் உண்மையான பெயர் ஓஹேயோ. ஹாலேயாகலா தேசியப் பூங்காவின் கடலோரப் பகுதியான கிப்பஹூலுவில் இருக்கிறது. அங்கே வழி கேட்கும்போது ஓஹேயோ என்றே கேளுங்கள். ‘புனிதக் குளம் எங்கே’ என்று கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களுக்குச் சலித்துப் போயிருக்கிறது.

ஹாலேயாகலா 3,055 மீட்டர் உயரமான எரிமலை. வடகிழக்கிலிருந்து வருடம் முழுக்க வீசும் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்த மலையின் கிழக்குச் சரிவில் மோதுகிறது. மேலே காட்டுக்குள் சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் மழை பெய்யும். அவ்வளவு தண்ணீரும் பலிகேயா, பிப்பிவாய் என்ற இரண்டு ஓடைகளாகச் சில மைல் தூரத்துக்குள் செங்குத்தாக இறங்கிக் கடலுக்கு வந்துவிடுகிறது. நடுவில் தண்ணீரைத் தேக்கி நிதானப்படுத்த ஏரியோ சமவெளியோ கிடையாது.

குளங்கள் உருவானதும் இதனால்தான். எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகிய பாறை அது. ஒவ்வொரு படிவின் நடுப்பகுதியும் கெட்டி. மேலும் கீழும் உடைந்த சல்லி போல இருக்கும். ஓடை அந்தச் சல்லியை அரித்துக்கொண்டு போய்விட, கெட்டிப் பாறை உதடு போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மேலிருந்து விழும் தண்ணீர் கூழாங்கற்களைக் கீழே சுழற்றிச் சுழற்றி, ஆட்டுக்கல்லில் குழவி குழி பறித்தது போலக் கிண்ணங்களைக் குடைந்திருக்கிறது. நீங்கள் படத்தில் பார்த்த ஒவ்வொரு குளமும் அப்படி ஒரு ஆட்டுக்கல் குழிதான். வெள்ளம் வரும்போதெல்லாம் அரைப்பு இன்னும் நடக்கிறது.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கீழே வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும். அதே நேரத்தில் மேலே மேகத்துக்குள் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது. குளத்துக்குள் இருப்பவருக்கு மூன்று பக்கமும் வழுக்குப் பாறை, நான்காவது பக்கம் அடுத்த அருவி, அதற்குக் கீழே கடல். இந்த ஓடையின் திடீர் வெள்ளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. கடலும் தப்பிக்கும் இடம் இல்லை: ஓடை கலக்கும் இடத்தில் அலை பாறையில் அறையும், சுறாக்களும் வரும்.

நான் ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தேன். குளங்களை மேலிருந்து பார்க்கும் இடமான குலோவா முனையில் கைப்பிடிக் கம்பியருகே நின்றுகொண்டிருந்தேன். கீழ்க்குளம் பாட்டில் பச்சை நிறத்தில், அடியில் கிடக்கும் கற்கள் தெரியும் அளவுக்குத் தெளிந்து கிடந்தது. முதலில் மாறியது சத்தம்தான். அதுவரை ‘சலசல’ என்று இருந்தது கொஞ்சம் கனத்தது. பிறகு நுரை கோடு கோடாக வந்தது, அதன் பின்னால் கொய்யா இலைகள், சுள்ளிகள். அடுத்துப் பார்த்தபோது மேல்குளத்திலிருந்து விழும் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. கால் மணி நேரத்துக்குள் நடுக்குளத்தின் ஓரப் பாறைகள் இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. பக்கத்தில் நின்ற பூங்காக் காவலர் பதறவில்லை. தண்ணீரைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் எந்த ஓடைக்குப் போனாலும் நான் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் கீழே பார்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: சத்தம் கனத்தால், தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் சேர்ந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பை எடுக்க, போனை எடுக்க என்று திரும்பக் கூடாது. உலகத்தில் எந்தத் தீவின் அருவிக்குப் போனாலும் இது உதவும்.

அருவிக்கு நேர் கீழே நிற்பதும் தப்பு. தண்ணீரோடு கல்லும் வரும். ஓவாஹூ தீவில் ‘புனித அருவி’ என்று அழைக்கப்படும் இடத்தில் 1999 மே 9, அன்னையர் தினத்தன்று பாறை சரிந்து 8 பேர் இறந்தார்கள். அந்தப் பூங்காவை அன்று மூடியவர்கள் பிறகு திறக்கவே இல்லை. ஓஹேயோவுக்கு மேலே இருக்கும் வைமோகு அருவியிலும் ‘இதைத் தாண்டாதீர்கள்’ என்று பலகை இருக்கும். தாண்டிப் போய்ப் படம் எடுப்பவர்களை அங்கே பார்ப்பீர்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

இப்போது, பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் விஷயம். அந்தக் குளங்களில் நாம் நீந்தக் கூடாதுதான், ஆனால் அங்கே நீந்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஹவாய்க்காரர்கள் ஓ’ஓப்பு என்பார்கள். நம் உளுவை மீனின் சொந்தக்காரன். நன்னீரில் வாழும் இந்தப் பூர்வீக மீன்கள் ஐந்து வகை. ஓடையில் கல்லுக்கு அடியில் முட்டை இடும். பொரிந்த குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அளவில், நீரோட்டத்தோடு கடலுக்குப் போய்விடும். சில மாதங்கள் கடலில் வளர்ந்து, ஒரு அங்குலம்கூட நிரம்பாத உடம்போடு மறுபடி ஓடை வாய்க்குத் திரும்பும். அங்கிருந்து மலை ஏறும். நடுவில் அருவி வந்தால் சில வகைகள் அருவியிலேயே ஏறும்!

அப்படி ஏறும் வகைகளுக்கு வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஒட்டுக்கிண்ணம் போல ஆகியிருக்கும். ஈரப் பாறையில் அதை ஒட்டிக்கொண்டு ஏறும். நோப்பிலி என்ற வகை வாயாலும் ஒட்டிக்கொள்ளும்: வாய், வயிறு, வாய், வயிறு என்று மாற்றி மாற்றி அங்குலம் அங்குலமாக நகரும். அலமோ’ஓ என்ற வகை உடம்பை வெடுக்கென்று உதறி உதறி ஏறும். ஹவாய் பெருந்தீவில் அகாகா அருவி 135 மீட்டர் உயரம். அதற்கு மேலே உள்ள ஓடையில் அலமோ’ஓ வாழ்கிறது. விரல் நீள மீன் நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரத்தைத் தண்ணீர் கொட்டக் கொட்டப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறிப் போயிருக்கிறது என்றால் எட்டு வயதுப் பிள்ளை நம்ப மாட்டான். எனக்கே இரண்டு தடவை படித்த பிறகுதான் மனதில் ஏறியது.

கடலில் இருக்கும் குஞ்சுகளுக்கு ‘இங்கே ஓடை இருக்கிறது, வா’ என்று சேதி சொல்வது, நாம் பயந்து ஓடுகிற அதே வெள்ளம்தான். மழைவெள்ளம் கடலில் கலக்கும்போது அவை கூட்டமாக ஓடை வாய்க்கு வந்து சேரும். முட்டையிடவும் ஓடையில் புதுத்தண்ணீர் வர வேண்டும். அதனால் அந்தக் கலங்கல் தண்ணீரை நான் வெறும் ஆபத்தாக மட்டும் பார்ப்பதில்லை.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. ஓடையில் எந்தக் கல்லையும் புரட்டாதீர்கள், கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் எடுக்காதீர்கள். அந்தக் கல்லின் அடியில் முட்டை இருக்கலாம். அடுத்தது வெயில் களிம்பு. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகளை ஹவாயில் 2021 ஜனவரி முதல் விற்கக் கூடாது என்பது சட்டம். பவளப்பாறைக்காகக் கொண்டுவந்தது. ஊரிலிருந்து வாங்கிப் போகும்போதே துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். முழுக்கைச் சட்டை அதைவிட நல்லது.

வழியைப் பற்றி. விமான நிலையம் இருக்கும் கஹூலுயியிலிருந்து ஹானா ஊர் 52 மைல். எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அறுநூறுக்கு மேல் வளைவுகள், 59 பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவை ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகும், யாரும் நிற்காமல் போவதில்லை. ஹானாவைத் தாண்டி இன்னும் பத்து மைலுக்கு மேல் போனால்தான் ஓஹேயோ. போகவர ஆறேழு மணி நேரம் காரிலேயே கழியும். பின்சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். இருட்டில் திரும்பி வரும்போது ஓட்டுகிறவர் களைத்துப் போயிருப்பார். அதனால்தான் ஒரே நாள் வேண்டாம் என்கிறேன். ஹானாவில் ஒரு இரவு தங்குங்கள். பூங்காவுக்குள்ளேயே கடல் பார்த்த முகாம் இடமும் உண்டு, கூடாரம் இருந்தால் முன்பதிவு செய்துகொள்ளலாம். காலையில் எழுந்து போனால், தீவின் மறுபக்கத்திலிருந்து கிளம்பிய கூட்டம் வந்து சேரும் முன்பு இரண்டு மூன்று மணி நேரம் இடம் அமைதியாகக் கிடைக்கும். ஐந்து நாள் பயணத்தில் ஒரு இரவை இதற்குக் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை.

பாலத்தில் எதிரே வண்டி இருந்தால் நின்று வழி விடுங்கள். பின்னால் யாராவது ஒட்டி வந்தால் ஒதுங்க இடம் கிடைத்த உடனே ஒதுங்கி விட்டுவிடுங்கள். நமக்கு அது சுற்றுலாச் சாலை. ஹானாக்காரர்களுக்கு வேலைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகிற ஒரே நல்ல சாலை. பாலத்தின் மேலே நிறுத்திப் படம் எடுப்பது எல்லாம் கூடவே கூடாது. ஓஹேயோவைத் தாண்டித் தெற்காகச் சுற்றி வரும் சாலையும் உண்டு. அது குறுகலானது, சில இடங்களில் தார் இல்லாதது. வாடகைக் கார் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மழை நாளில் வந்த வழியே திரும்புவதுதான் சரி.

போகிற வழியில் சில அருவிகள் வறண்டு கிடப்பதைப் பார்த்தால் கோடைதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1870களில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கிழக்கு மாவியின் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, தீவின் வறண்ட நடுப்பகுதிக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். கீழே சேம்பு பயிரிட்டவர்களுக்கு ஓடை வற்றியது. ஓ’ஓப்புவுக்கும் கடலிலிருந்து மலைக்குப் போகிற வழி அறுந்தது. தீவின் கடைசிக் கரும்பு அறுவடை 2016இல் முடிந்தது. மாநில நீர் ஆணையம் 2018இல் பல ஓடைகளுக்குத் தண்ணீரைத் திருப்பி விட உத்தரவிட்டது. அதற்காகச் சேம்பு விவசாயிகள் பல வருடம் போராடியிருக்கிறார்கள். ஹவாய் மொழியில் தண்ணீருக்கு ‘வாய்’ என்று பெயர். அதையே இரட்டித்து ‘வாய்வாய்’ என்றால் செல்வம். கிப்பஹூலுவில் இன்றும் சேம்பு வயல்கள் இருக்கின்றன. நம் சேப்பங்கிழங்குதான், இலையைப் பார்த்தவுடன் அம்மா அடையாளம் சொல்லிவிடுவார்.

அம்மாவுக்கு ஏற்றது குலோவா முனைப் பாதை. பார்வையாளர் மையத்திலிருந்து போய்ச் சுற்றி வர அரை மைல்தான். மெல்லிய சரிவு, மழை பெய்திருந்தால் சேறு இருக்கும், கையில் ஒரு கோல் இருந்தால் நல்லது. அங்கிருந்து கீழ்க்குளங்களும் கடலும் ஒருசேரத் தெரியும். படத்தில் நீங்கள் பார்த்த காட்சி அதுதான். வானம் தெளிந்திருந்தால் கடலுக்கு அப்பால் பெருந்தீவின் மலை தெரியும்.

மேலே போகிற பிப்பிவாய் பாதை போகவர 4 மைல், ஏற்றம் சுமார் 240 மீட்டர். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். முதல் அரை மைலில் மகாஹிகு அருவியை மேலிருந்து பார்க்கலாம். சின்னவனுக்கு முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம், குறை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி ஒரு பெரிய ஆலமரம், விழுதுகள் இறங்கி மண்டபம் போல நிற்கும். பிறகு மூங்கில் காடு. மூங்கில் அந்தத் தீவுக்குச் சொந்தமானது இல்லை, வெளியிலிருந்து வந்து பரவியது. இருந்தாலும் உள்ளே போனவுடன் வெளிச்சமே பச்சையாகிவிடும். காற்று வீசினால் தலைக்கு மேல் கழி கழியாக ஒன்றோடு ஒன்று மோதும் சத்தம், யாரோ கோலாட்டம் அடிப்பது போல. நடப்பதற்கு மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், ஈரத்தில் வழுக்கும். முடிவில் வைமோகு, 120 மீட்டர் சுவரிலிருந்து நேராக விழும் வெள்ளை நூல்.

நீங்களும் பெரியவனும் மேலே போங்கள், இன்னொருவர் அம்மாவோடும் சின்னவனோடும் கீழே இருக்கட்டும். போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் இத்தனை மணிக்குள் இந்த இடத்தில் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர், சாப்பாடு, கொசு மருந்து, மழைச்சட்டை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். வண்டிக்கு எண்ணெய் ஹானாவிலேயே போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் எங்கேயாவது நனையத்தானே வேண்டும்? ஹானா சாலையில் 22ஆம் மைல் அருகே புவா’ஆ கா’ஆ என்று மாநிலப் பூங்கா இருக்கிறது, சின்ன அருவி, ஆழம் குறைந்த குளங்கள். திறந்திருந்து, மேலே மேகம் இல்லாமல், தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் கால்களை நனைக்கலாம். உடம்பில் சிராய்ப்போ ஆறாத புண்ணோ இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி ஹவாய் ஓடைகளில் உண்டு. எலி, காட்டுப்பன்றி, கீரி இவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது, புண் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். தலையை முக்கவோ தண்ணீரை விழுங்கவோ விடாதீர்கள். ஊர் திரும்பி நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மருத்துவரிடம் ‘ஹவாய் ஓடையில் இறங்கினோம்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண ஃபுளூ என்று விட்டுவிடுவார்கள். சீக்கிரம் தெரிந்தால் ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும்.

உண்மையாக நீந்த வேண்டும் என்றால் கிஹெய் ஊரில் உள்ள கமாவோலே கடற்கரைகளுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், மணல் கரை. பிள்ளைகளின் நீச்சல் ஆசை அங்கே தீரும். இணையத்தில் ‘ரகசியக் குளம்’ என்று சுற்றும் இடங்களில் பாதி தனியார் நிலம். வேலியைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும், அட்டையில்தான் கட்ட வேண்டும். அதே சீட்டில் ஹாலேயாகலா சிகரத்துக்கும் போகலாம். சூரிய உதயம் பார்க்க மட்டும் தனியாக முன்பதிவு வேண்டும். கிளம்பும் அன்று காலை ஹானாவிலேயே பூங்காவின் இணையதளத்தைத் திறந்து பாதை மூடல் அறிவிப்பும் வெள்ள எச்சரிக்கையும் பாருங்கள், அதற்கு அப்புறம் சிக்னல் இருக்காது. பிப்பிவாய் மூடியிருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். குலோவா முனையைப் பார்த்துவிட்டு, பூங்காவைத் தாண்டி ஒரு மைல் சொச்சத்தில் இருக்கும் பலாபலா ஹோவோமாவு தேவாலயத்துக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்னக் கோயில். 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக விமானம் ஓட்டிய சார்லஸ் லிண்ட்பர்க், 1974இல் இந்தத் தீவில்தான் இறந்தார். அவர் கல்லறை அங்கே மரநிழலில் கடலைப் பார்த்து இருக்கிறது. அம்மா உட்கார நல்ல நிழல்.